பழைய கார் ‘டக் டக்’ என்றதும் டேப்பெட்டைத் திருகாதீர்கள்

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டு ஷெட்டுகளில் நிற்கும் பழைய கார்கள் வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் வெளியே வரும். முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம் என்று பங்காளிகள் ஊருக்கு வந்ததும் பாட்டரி மாட்டி செல்ஃப் அடிப்பார்கள். எஞ்சின் பிடித்த அடுத்த நொடி மேலே டக் டக் என்று அடிக்கும். உடனே ஸ்பேனரைத் தேடுகிறார்கள். வண்டி கெடுவது அங்கேதான்.

டேப்பெட் (லிஃப்டர் என்பதும் இதுதான்) என்பது சுழலும் கேம் ஷாஃப்டின் மேடு தூக்க, வால்வைத் திறக்க உதவும் துண்டு. முதலில் உங்கள் எஞ்சினில் எந்த வகை டேப்பெட் என்று பாருங்கள். அம்பாசடர், பத்மினி இரண்டிலும் திட டேப்பெட். ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை விட்டு, வால்வுக்கு மேலே கொஞ்சம் இடைவெளி வைப்போம். 1950இல் பவர்கிளைடு என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸோடு வந்த செவர்லே ஆறு சிலிண்டரில் ஹைட்ராலிக் லிஃப்டர், அதாவது ஆயிலால் தானே இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் வகை. அதே வருஷம் கையால் கியர் போடும் செவர்லேயில் திட டேப்பெட். ஹைட்ராலிக் லிஃப்டருக்கு அம்பாசடர் மாதிரி இடைவெளி வைத்தால் சத்தம் எந்தக் காலத்திலும் போகாது. இதில் இடைவெளியே இருக்கக் கூடாது. செவர்லே வி8இல் நட்டை இறுக்கி புஷ்ராடின் (லிஃப்டருக்கு மேலே நிற்கும் தள்ளு கம்பி) ஆட்டம் நின்றபின் இன்னும் ஒரு முழுச் சுற்று இறுக்குவார்கள். உங்கள் எஞ்சினுக்கு எத்தனை சுற்று என்பதை அதன் மேனுவலில் பாருங்கள்.

லிஃப்டருக்குள் ஒரு சின்ன பிளஞ்சர் (மேலும் கீழும் நகரும் உருளை), அதன் அடியில் ஸ்பிரிங், ஒரு குண்டு வால்வு. பம்ப் தள்ளும் ஆயில் குண்டைத் தாண்டி உள்ளே போகும், அதே வழியில் திரும்ப முடியாது. அடைபட்ட ஆயில் அமுங்காது என்பதால் லிஃப்டர் இரும்புத் துண்டு போலவே புஷ்ராடைத் தூக்கும். பிளஞ்சருக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. அந்தச் சந்து வழியாகத்தான் ஆயில் மெல்லக் கசியும்.

எஞ்சினை எப்போது நிறுத்தினாலும் சில வால்வுகள் திறந்தபடியே நிற்கும். அவற்றின் ஸ்பிரிங் மாதக்கணக்கில் கீழே அழுத்திக்கொண்டிருந்தால் அந்த லிஃப்டர்களில் இருந்த ஆயில் வெளியேறிவிடும். சத்தத்துக்குக் காரணம் இவ்வளவுதான், இது பழுதே இல்லை. ஆயில் பிரஷர் ஏறியதும் திரும்ப நிரம்பிக்கொள்ளும். அதற்குள் ஆக்சிலேட்டரை மிதித்து உறுமவிடுவது கொடுமை. பேரிங்குக்கே அப்போது ஆயில் போய்ச் சேர்ந்திருக்காது. நான் காயில் வயரைக் கழற்றி எர்த் கொடுத்துவிட்டு, பிரஷர் முள் அசையும்வரை விட்டுவிட்டு செல்ஃப் அடிப்பேன். அப்புறம்தான் ஸ்டார்ட்.

ஆயில் மட்டம் குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். அளவுக் குச்சியின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றினால் சுழலும் கிராங்க் ஷாஃப்ட் அடித்து நுரையாக்கும். காற்று அமுங்கும், ஆகவே இரண்டிலும் சத்தம் வரும். சத்தத்தை அமுக்கக் கெட்டி ஆயில் ஊற்றுவதும் வேண்டாம்.

வண்டி நன்றாகச் சூடேறிய பிறகும் ஒன்றிரண்டு லிஃப்டர் அடித்துக்கொண்டே இருந்தால் மட்டும் கழற்றுங்கள். நிறையத் தவறு நடப்பது இந்த வேலையில்தான். கழற்றிய லிஃப்டர்களை ஒரே தட்டில் கொட்டிவிடுகிறார்கள். ஒவ்வொன்றின் அடிப்பாகமும் தன்னைத் தூக்கும் கேம் மூக்கோடு (கேம் ஷாஃப்டின் மேடு) சேர்ந்து தேய்ந்திருக்கும். இடம் மாறினால் இரண்டும் வீண். பிளஞ்சரும் கூடும் ஜோடி பார்த்துச் சேர்த்தவை, ஒன்றின் பிளஞ்சரை இன்னொன்றில் போட்டால் ஆயில் நிற்காது. முட்டை ட்ரேயில் நம்பர் எழுதி வரிசையாக வையுங்கள்.

ஒரு தடவை ஆறு சிலிண்டர் எஞ்சினின் பன்னிரண்டு லிஃப்டர்களையும் பெட்ரோலில் கழுவி, பனியன் வேஸ்ட்டால் துடைத்து மாட்டினேன். ஒன்று மட்டும் விடாமல் அடித்தது. மறுபடி பிரித்தபோது குண்டுக்கு அடியில் ஒரு நூல் இழை, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. குண்டு உட்காரவில்லை, ஆயில் நிற்கவில்லை. அன்றிலிருந்து துணி படுவதே இல்லை. காற்றடித்து, சுத்தமான ஆயிலில் நனைத்து மாட்டுகிறேன். நம்மூர்ச் செம்மண் புழுதி அந்த இழையைவிட மோசம். ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு பிரியுங்கள்.