தகவல் அமைப்புகளைப் படிக்க ஒரு படிவத்தின் பின்னால் போங்கள்

மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் என்று பாடத்திட்டத்தில் பார்த்ததும் பலரும் வரையறைகளை மனப்பாடம் செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். தேர்வுக்கு உதவும், மறுக்கவில்லை. ஆனால் ஒரு நிறுவனத்துக்குள் சிஸ்டம் எப்படி உருவாகிறது, அப்புறம் அதை யார் கட்டி மேய்க்கிறார்கள் என்பது புரிய வேண்டுமானால் ஒரே ஒரு படிவத்தைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள்.

விடுப்பு விண்ணப்பம், கொள்முதல் ஆர்டர், எதுவானாலும் சரி. அனுமதி கிடைக்கிற ஓர் அலுவலகத்தில் அது எங்கே தொடங்குகிறது, யார் மேசையில் தேங்குகிறது, எந்தத் திரையில் ஏறுகிறது என்று கையாலேயே வரைந்துகொள்ளுங்கள். கொள்முதல் என்றால், சரக்கு வந்து இறங்குகிற இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். ஆர்டரில் 100 பெட்டி, வந்தது 96 என்று வைத்துக்கொள்வோம். திரை ஆர்டரில் உள்ள முழு எண்ணிக்கையைத்தான் ஏற்கும், அதனால் ஸ்டோர்காரர் 100 என்றே பதிந்துவிட்டு, வராத 4 பெட்டியைத் தன் நோட்டில் பென்சிலால் குறித்து வைப்பார். மாதக் கடைசியில் கணக்குப் பிரிவும் சத்தமில்லாமல் அந்த நோட்டைத்தான் கேட்டு வாங்கும். உடனே ‘ஊழியர் தவறு’ என்று எழுதிவிடாதீர்கள். சிஸ்டத்தை உருவாக்கும்போது தேவைகளைக் கேட்டறிய வந்தவர் மேலாளரோடு பேசிவிட்டு அப்படியே போயிருக்கலாம், ஸ்டோர் பக்கம் எட்டியே பார்க்காமல். இப்படிப்பட்ட நோட்டுகளையும் தனி எக்ஸெல் கோப்புகளையும் தேடுங்கள்.

கேள்வி கேட்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ‘சாஃப்ட்வேர் எப்படி இருக்கிறது?’ என்றால் ‘பரவாயில்லை’ என்ற பதிலோடு கதை முடிந்துவிடும். ‘கடைசியாக எதைப் பதிந்தீர்கள், காட்டுங்களேன்’ என்று கேட்டால் கை தானாக நோட்டுப் பக்கம் போகும்.

இதற்குப் பிறகு கோட்பாடுகளுக்கு வாருங்கள். பயன் இருக்கிறது, கையாள எளிது என்று தோன்றினால்தான் மக்கள் ஒரு கருவியை ஏற்பார்கள் என்பது ஆய்வாளர் ஃப்ரெட் டேவிஸ் 1989-இல் முன்வைத்த மாடல். நல்லதுதான், ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதிதான் தெரியும். இன்னோர் ஆய்வாளரான லின் மார்க்கஸ் 1983-இலேயே இன்னொரு கோணத்தைக் காட்டிவிட்டார்: புதிய கணக்கு அமைப்பால் தரவு யார் கைக்குப் போகிறது, யார் பிடி தளர்கிறது என்று பார்த்தால் எதிர்ப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். எனக்கு இதுதான் அதிகம் உதவியது.

மென்பொருள் உருவாக்க முறைகளை முடிந்தவரை மூலக் கட்டுரையிலிருந்து படியுங்கள். ஒரு கட்டம் முடிந்த பிறகே அடுத்தது என்று போகிற வாட்டர்ஃபால் முறைக்கு எல்லோரும் கைகாட்டுவது வின்ஸ்டன் ராய்ஸின் 1970 கட்டுரையை. திறந்து பார்த்தால் அதில் அந்தச் சொல்லே கிடையாது, படிப்படியாக ஒரே திசையில் இறங்குவது ஆபத்து என்று அவரே எச்சரிக்கிறார்! 2001-இல் 17 பேர் கூடி எழுதிய அஜைல் (சிறு சிறு பகுதியாக உருவாக்கி அவ்வப்போது திருத்திக்கொள்ளும் முறை) அறிக்கை ரொம்பச் சின்னது, ஒரு டீ குடிக்கும் நேரத்தில் படித்துவிடலாம்.

உருவான சிஸ்டத்தை நிர்வகிப்பது பற்றிய பகுதியைத்தான் மாணவர்கள் தூங்கிக்கொண்டே படிக்கிறார்கள். 2012 ஆகஸ்டில் நைட் கேப்பிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் 8 சர்வர்களில் ஒன்றில் மட்டும் புதிய நிரலை ஏற்ற மறந்துவிட்டது. அதில் கிடந்த பழைய நிரல் விழித்துக்கொண்டு ஆர்டர்களைக் கொட்டியதில் சுமார் 45 நிமிடத்தில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். அதனால் நீங்கள் போகிற இடத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: மாற்றங்களுக்கு யார் ஒப்புதல் தருகிறார், வேலையை விட்டுப் போனவரின் லாகின் எப்போது மூடப்படுகிறது, பேக்கப்பை மீட்டுப் பார்த்து எவ்வளவு நாளாகிறது. மூன்றாவதற்குப் பெரும்பாலும் ஒரு சிரிப்புதான் பதிலாக வரும். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதி முடித்ததும் வரைபடத்தை ஆசிரியரிடம் காட்டுவதற்கு முன்பே அந்த ஸ்டோர்காரரிடம் காட்டுங்கள். ‘இல்லை தம்பி, இது இங்கே போகாது’ என்று விரலை வைப்பார். அந்த இடத்திலிருந்து மறுபடி வரையுங்கள்.