வெளியூர் கிரவுண்டில் ஒரு கோல் வித்தியாசத்தில் ஜெயிப்பது எப்படி

குறுவட்டப் போட்டி தேதி அறிவித்தவுடன் எனக்குப் போன் வர ஆரம்பிக்கும். எல்லாம் பக்கத்துப் பள்ளிகளில் புதிதாகச் சேர்ந்த பி.டி. டீச்சர்கள்தான். "மிஸ், நம்ம கிரவுண்டுல பொண்ணுங்க பிரமாதமா ஆடுறாங்க. வெளிய கூட்டிட்டுப் போனா கவுந்துடறாங்க. என்ன பண்றது?" மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஓர் அரசுப் பள்ளியில் 17 வருஷமாகப் பெண்பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதியே வைத்துவிடுகிறேன்.

முதலில் ஓர் ஆட்டத்தை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2025 ஜூலை 5, தாய்லாந்தில் சியாங் மாய் நகரம். பெண்கள் ஆசியக் கோப்பைக் கால்பந்துத் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம், இந்தியாவும் தாய்லாந்தும். இரண்டு டீமும் அதுவரை ஆடிய மூன்றையும் ஜெயித்திருந்தன. நாம் மங்கோலியாவுக்கு 13, திமோருக்கு 4, இராக்குக்கு 5, மொத்தம் 22 கோல் போட்டு ஒன்றுகூட வாங்கவில்லை. அவர்களும் 22 போட்டு ஒன்றும் வாங்கவில்லை. தராசில் வைத்தால் முள் நகராது. ஆனால் ஊர் அவர்களுடையது, கூட்டம் அவர்களுடையது, உலகத் தரவரிசையில் அவர்கள் 46, நாம் 70. நம் பெண்கள் 2-1 ஜெயித்தார்கள். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குள் நுழைந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் வீட்டுத் திண்ணையில் சொம்பின் மேல் போனைச் சாய்த்துவைத்து நானும் ஆறு பிள்ளைகளும் பார்த்தோம். முதல் அரைமணிக்குள் சங்கீதா பாஸ்போர் ஒரு கோல். பிள்ளைகள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஆத்தா என்னமோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டார். இடைவேளை முடிந்து இரண்டே நிமிஷம், 47ஆவது நிமிஷத்தில் தாய்லாந்து சமன் செய்தது. திண்ணை கப்சிப். 74இல் மறுபடியும் சங்கீதா.

எல்லோரும் அந்த 74ஐப் பேசுவார்கள். உங்களுக்கு வேண்டியது 47. வெளியூர் ஆட்டம் இடைவேளைக்குப் பிறகுதான் கைவிட்டுப் போகும். அதற்கான காரணத்தைக் கிரவுண்டுக்குள் தேடி நான் பல வருஷம் வீணடித்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கு ஆடப் போனோம். பாதியில் 1-0 முன்னிலை. இடைவேளைக்குப் பிறகு மளமளவென்று மூன்று வாங்கினோம். பின்னால் நின்ற பிள்ளைகளுக்குக் கால் நகரவில்லை. ஒருத்திக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. பயிற்சி போதவில்லை என்று திட்டித் தீர்த்தேன். திரும்பும்போது பஸ்ஸில் எங்கள் லெஃப்ட் பேக், இடப்பக்கம் தடுத்து ஆடுகிறவள், மெதுவாகச் சொன்னாள்: "காலைலேர்ந்து தண்ணி குடிக்கல மிஸ். அங்க பாத்ரூம் பூட்டிருந்துச்சு." மற்றவர்களையும் கேட்டேன். 11 பேரில் எட்டுப் பேர் அதே கதை. சாவி வாட்ச்மேனிடம் இருந்திருக்கிறது, வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருக்கிறார். தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும் என்று ஒரு மடக்குக்கூடக் குடிக்காமல், அந்த வெயிலில் ஓடியிருக்கிறார்கள். ஆண்பிள்ளை டீமை அழைத்துப் போகும் சார்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அதனால் எந்தப் பயிற்சி முகாமிலும் இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

ஆகவே முதல் வேலை: ஆட்டத்துக்கு முந்தின நாளே அந்தப் பள்ளிக்குப் போன் செய்யுங்கள். கழிப்பறை திறந்திருக்குமா, சாவி யாரிடம், உடை மாற்ற அறை உண்டா, குடிதண்ணீர் எங்கே. கேட்கக் கூச்சப்படாதீர்கள். போய் இறங்கியதும் பந்தை எடுக்காதீர்கள். கதவைத் திறக்கச் சொல்லி எல்லோரையும் ஒரு தடவை அனுப்பிவிட்டு வாருங்கள். அதன் பிறகு தண்ணீரைப் பற்றி நீங்கள் சொல்லவே வேண்டாம், அவர்களே குடிப்பார்கள். நான் ஒரு தூக்கு நிறைய உப்புப் போட்ட நீர்மோர் கொண்டுபோவேன், இடைவேளையில் ஆளுக்கு அரை டம்ளர். முதலுதவிப் பெட்டியில் பஞ்சு, மருந்தோடு நாப்கினும் கருப்பு ஷார்ட்ஸ் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். சாப்பாடு, ஆட்டத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் இட்லி. வீட்டிலிருந்து வரும் புளிச்சோறும் உருளைக்கிழங்கும் ஆட்டம் முடிந்து பஸ்ஸில்தான்.

அடுத்தது மண். எங்கள் கிரவுண்டு களிமண். மழை பெய்தால் பந்து ஒட்டிக்கொண்டு நிற்கும், காய்ந்தால் வெடிப்பில் பட்டு எங்கேயோ துள்ளும். வேதாரண்யம் பக்கம் போனால் மணல். தரையோடு தட்டிவிட்ட பாஸ் பாதி வழியில் படுத்துவிடும். தஞ்சாவூர் பக்கம் இறுகின தரை, பந்து வழுக்கிக்கொண்டு கோட்டைத் தாண்டும். இதைப் பிள்ளைகள் ஆட்டத்தில் கண்டுபிடித்தால் ஒரு கோல் செலவாகும். பத்து நிமிஷம் முன்னதாகப் போய், நான்கு மூலைக்கும் தரையோடு பந்தைத் தட்டவிடுங்கள். பள்ளம் எங்கே என்று கோலிக்கு, அதாவது கோல்கீப்பருக்கு, தெரிந்திருக்கட்டும். சாயங்கால ஆட்டமாக இருந்து டாஸும் கிடைத்தால், இரண்டாம் பாதியில் நம் கோலி கண்ணில் வெயில் அடிக்காத பக்கமாகப் பார்த்து எடுங்கள்.

கூட்டத்தின் சத்தத்துக்கும் பழக்க வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன்கள் 20 பேரைக் கோட்டோரம் உட்காரவைத்து, கையில் சத்துணவுத் தட்டும் கரண்டியும் கொடுத்துத் தட்டச் சொல்வேன். ஹெச்.எம். ஒருமுறை வந்து முறைத்தார். அந்த இரைச்சலில் குரல் கேட்காது என்பதால் பிள்ளைகள் தாங்களே கைஜாடை கண்டுபிடித்துக்கொண்டார்கள். நான் சொல்லிக்கொடுத்திருந்தால் இவ்வளவு நன்றாக வந்திருக்காது.

இடைவேளையில் நீளமாகப் பேசாதீர்கள். இரண்டே விஷயம். ஒவ்வொருத்தியும் தான் பிடிக்க வேண்டிய ஆளின் நம்பரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு, முதல் ஐந்து நிமிஷம் நம் கோல் பக்கம் பந்து உருட்டுவது கிடையாது. கிடைப்பதையெல்லாம் எதிராளி பாதியில் கோட்டோரமாகத் தள்ள வேண்டும். அழகாக இருக்காது. பரவாயில்லை.

அப்படியும் வாங்கிவிட்டால்? 47க்கும் 74க்கும் நடுவே 27 நிமிஷம் இருக்கிறது. நம்முடைய பிள்ளைகள் சமனான அடுத்த நிமிஷமே திருப்பிப் போட்டுவிடத் துடித்து, எல்லோரும் முன்னால் ஓடி, இன்னொன்று வாங்கிக்கொண்டு வருவார்கள். எங்கள் டீமில் ஒரு வழக்கம்: கோல் விழுந்தால் வலையிலிருந்து பந்தை கேப்டன் எடுத்துக்கொண்டு நடந்து வருவாள். ஓடக் கூடாது. அவள் நடுவட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் மற்றவர்கள் அவரவர் இடத்தில் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இனி முன்னிலை கிடைத்த பிறகு. ஜூன் 12 மேட்டூர் திறந்து எங்கள் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரும் காலம் அந்த ஜூலை. குறுவை வயலில் தண்ணீர் கட்டியபின் அப்பா வரப்பு முழுக்க மண் அணைத்துக்கொண்டிருக்க மாட்டார். வெறுங்காலோடு வரப்போரம் நடப்பார். ஓர் இடத்தில் கால்விரலுக்குக் கீழே சில்லென்று இழுக்கும், நண்டு வளை. ஒரு கை சேற்றை அள்ளி அங்கே மட்டும் மிதிப்பார். நீங்களும் கோட்டோரம் நடந்து அப்படித்தான் பார்க்க வேண்டும். எந்தப் பிள்ளை இடுப்பில் கை வைக்கிறாள், எவள் திரும்பும்போது அரை நொடி தாமதிக்கிறாள். அங்கேதான் கசியும். மாற்று ஆளை அவளுக்குப் பதிலாக இறக்குங்கள், அவள் எவ்வளவு நல்ல ஆட்டக்காரியானாலும் சரி. பத்துப் பேரையும் கோல் முன்னால் குவிக்காதீர்கள். ஒருத்தி நடுக்கோட்டில் நிற்கட்டும். அவளுக்குப் பயந்து அவர்களில் இரண்டு பேராவது பின்னால் நிற்பார்கள்.

இந்திய ஆண்கள் டீம் 2023 நவம்பர் 16 அன்று குவைத் போய் 1-0 ஜெயித்தது. மன்வீர் சிங் 75இல் போட்டார், மிச்ச நேரத்தைக் காத்தார்கள். அடுத்த ஜூன் தோஹாவில் கத்தாரோடு நம் சாங்தே 37இல் போட்டும் 1-2 தோற்றோம். அதில் சமன் கோல் எப்படி வந்தது? பந்து கோல் கோட்டைத் தாண்டி வெளியே போனது, நம் ஆட்கள் விசில் வரும் என்று நின்றார்கள், கத்தார்க்காரர் உள்ளே இழுத்துப் போட, இன்னொருவர் கோலுக்குள் தள்ளினார். அந்தக் கோலைச் செல்லும் என்று கொடுத்தார்கள். அநியாயம்தான், எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. ஆனால் பிள்ளைகளுக்கு அந்த வீடியோவைக் காட்டிவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: விசில் காதில் விழும்வரை பந்தை உதை.

அடிபட்டதுபோல் படுத்து நேரம் கடத்தச் சொல்லித்தர மாட்டேன். என் பிள்ளைகளுக்கு நடிப்பும் வராது, சிரித்துவிடுவார்கள். கோலி பந்தைக் கட்டிக்கொண்டு நிற்பதும் இனிமேல் ஆபத்து. 2025 ஜூலையிலிருந்து விதி மாறியிருக்கிறது: எட்டு நொடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிராளிக்குக் கார்னர், அதாவது மூலையிலிருந்து ஓர் உதை. கடைசி ஐந்து நொடியை ரெஃப்ரி கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். உங்கள் போட்டியில் பழைய விதியா புதிய விதியா என்று ஆட்டத்துக்கு முன்பே ரெஃப்ரியிடம் கேட்டுவிடுங்கள். கேட்டால் அவருக்கும் நம்மேல் ஒரு மரியாதை வரும்.

கடைசியாக, போகும் ஒவ்வொரு பள்ளியிலும் வாட்ச்மேன் போன் நம்பரை வாங்கி முதலுதவிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள். எங்கள் பெட்டியில் இப்போதைக்கு ஆறு பள்ளி நம்பர் இருக்கிறது. வேண்டுமானால் போன் செய்யுங்கள், தருகிறேன்.