அரசு சலுகையை நம்பி ஏற்றுமதி விலை சொல்லாதீர்கள்

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதிக்குப் புதிதாக வருபவர்கள், முதல் ஆர்டருக்கு விலை சொல்வதற்கு முன் காஸ்ட்டிங் ஷீட்டை என்னிடம் காட்டுவது வழக்கம். நூல், சாயம், பேக்கிங் எல்லாம் சரியாகவே போட்டிருப்பார்கள். கோட்டை விடுவது அரசாங்கக் கொள்கை வந்து தொடும் இடங்களில்தான்.

சலுகையை அடக்கத்தில் கழிப்பது

இதைப் பார்த்தால் இன்னும் எனக்கு எரிச்சல் வருகிறது. ஓர் இளைஞர் 2019இல் கொண்டுவந்த ஷீட்டில் அடக்கம் 200 ரூபாய். அதற்குக் கீழே ‘கழிக்க: எம்இஐஎஸ் 8 ரூபாய்’. எம்இஐஎஸ் என்பது ஏற்றுமதி மதிப்பில் ஒரு சதவீதத்தை அரசு கொடுத்துவந்த ஊக்கச் சலுகை. பையருக்குச் சொன்ன விலை 198. சலுகை வந்தால் 6 ரூபாய் லாபம், வராவிட்டால் 2 ரூபாய் கைநஷ்டம். வேண்டாம் தம்பி என்றேன். “எல்லாரும் இப்படித்தான் போடுறாங்கண்ணா” என்றார்.

2020 ஜனவரியில், ஆடைகளுக்கும் வீட்டுத் துணிகளுக்கும் இருந்த அந்த 4 சதவீத எம்இஐஎஸ் சலுகையை 2019 மார்ச் 7 முதல் முன்தேதியிட்டு அரசு நீக்கியது. சரக்கு போய்ச் சேர்ந்து, பணம் வந்து, கணக்கும் முடித்தவர்களுக்கு அடி விழுந்தது. மத்திய, மாநில வரிகளைத் திருப்பித் தரும் ஆர்ஓஎஸ்சிடிஎல் சலுகை தனியாக உண்டுதான். ஆனால் இரண்டும் கிடைக்கும் என்று நம்பியல்லவா விலை சொல்லியிருந்தார்கள்!

அது ஒருமுறை நடந்த விபத்தும் இல்லை. எம்இஐஎஸ் போன்ற திட்டங்கள் விதிமீறல் என்று உலக வர்த்தக அமைப்பின் குழு 2019இல் சொன்னது. 2020 முடிவில் எல்லாப் பொருளுக்கும் எம்இஐஎஸ் நின்றது. மாற்றாக, ஏற்றுமதிப் பொருள் மீதான வரிகளைத் திருப்பித் தரும் ஆர்ஓடிடிஇபி திட்டம் 2021 ஜனவரி 1இல் தொடங்கியது, விகிதமோ ஆகஸ்ட் 17இல்தான் வெளியானது. அதுவரை எவ்வளவு வரும் என்று தெரியாமலே பலர் கன்டெய்னர் ஏற்றினார்கள்.

அப்புறம், கிடைப்பது ரொக்கமும் அல்ல, ஸ்கிரிப் என்னும் வரவுச் சீட்டு. சுங்க வரி கட்ட மட்டுமே உதவும். நீங்கள் இறக்குமதி செய்யாதவர் என்றால் கழிவு கொடுத்துத்தான் விற்க வேண்டும். எட்டு ரூபாய் எட்டாகக் கைக்கு வராது.

சலுகையைக் கழித்து விலை சொல்லாவிட்டால் ஆர்டர் கிடைக்காது என்பார்கள். சரி, உடனே கப்பலேறும் சரக்குக்குப் பாதியை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து அனுப்பும் ஆர்டருக்கு அதுவும் வேண்டாம்.

எல்யூடி

ஜிஎஸ்டி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிக் கடிதம் இது. ஒவ்வொரு நிதியாண்டும் புதிதாகப் போட வேண்டும்.

ஐஇசி

இது ஏற்றுமதி, இறக்குமதி செய்பவரின் பதிவு எண். விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் ஏப்ரல்–ஜூனுக்குள் ஆண்டுதோறும் உறுதிசெய்யுங்கள். எண்ணை முடக்கிவிட்டால், சுங்கத் துறையில் தாக்கல் செய்யும் ஷிப்பிங் பில் போட முடியாது.

டிடிபி விலை

பையரின் நாட்டு வரியையும் நீங்களே கட்டுவதாக ஒப்புக்கொள்வது. 2025 ஆகஸ்ட் தொடக்கத்தில் இந்தியச் சரக்குக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்ட அமெரிக்கா, அதே மாதம் 27இல் அதை 50 ஆக்கியது. எஃப்ஓபியில், அதாவது கப்பலில் ஏற்றும்வரை மட்டும் தங்கள் பொறுப்பு என்ற விலையில், விற்றவர்களிடம் பையர் தள்ளுபடி கேட்டார், பேசிப் பார்க்க முடிந்தது. டிடிபிக்குக் கையெழுத்திட்டவருக்குப் பேச்சுக்கே இடமில்லை. மொத்த வரியும் அவர் தலையில். புது பையர் எவ்வளவு கேட்டாலும் எஃப்ஓபி விலை மட்டும் கொடுங்கள்.