மழைக்காலத்தில் பகாங் ஆற்றோரம் தனியாகக் கார் ஓட்டுகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

தீபகற்ப மலேசியாவின் நீளமான ஆறு பகாங். ஏறக்குறைய 459 கிலோமீட்டர். ஜெலாய், தெம்பிலிங் என்ற இரண்டு ஆறுகளும் கோலா தெம்பிலிங்கில் ஒன்றுசேரும் இடத்தில் அது தொடங்குகிறது. அங்கிருந்து ஜெராண்டுட், தெமர்லோ, செனோர், லுபோக் பாக்கு என்று வளைந்து வளைந்து போய், பெக்கானுக்கு அருகே தென்சீனக் கடலில் விழுகிறது. கோலாலம்பூரில் காலையில் கிளம்பி காராக் நெடுஞ்சாலையைப் பிடித்தால், பசியாறும் நேரத்துக்கெல்லாம் தெமர்லோவில் ஆற்றங்கரையில் நிற்கலாம். அதனாலேயே ஆண்டு இறுதி விடுமுறையில் நம் பிள்ளைகள் பலர் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகவே பெக்கான் வரை போக ஆசைப்படுகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் ஆண்டு இறுதி என்றால் வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீளும். பகாங்கில் டிசம்பரும் ஜனவரியும்தான் அதன் உச்சம்.

முதல் தவறும் பெரிய தவறும் வானத்தைப் பார்த்து முடிவெடுப்பது. கோலாலம்பூர் மழை நமக்குப் பழக்கம். பிற்பகலில் கறுக்கும், இடி இடிக்கும், இரண்டு மணி நேரம் கொட்டும், அப்புறம் வெறித்துவிடும். கிழக்குக்கரையின் பருவமழைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அது நாள் கணக்கில் நின்று பெய்யும். அதைவிட முக்கியம், உங்கள் தலைக்கு மேல் பெய்யும் மழை இந்த ஆற்றுக்கு ஒரு பொருட்டே இல்லை. கேமரன் மலைப்பக்கத்து மழை தெலோம் ஆறு வழியாக ஜெலாயில் இறங்குகிறது. தாமான் நெகாரா காட்டு மழையைத் தெம்பிலிங் கொண்டுவருகிறது. அந்தத் தண்ணீர் எல்லாம் தெமர்லோவைத் தாண்டி பெக்கான் போய்ச் சேர நாள்கள் ஆகும். கீழ்ப்பகுதி தட்டையான நிலம் என்பதால் தண்ணீர் மெதுவாகத்தான் வடியும். கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் இன்னும் தேங்கி நிற்கும். ஆகவே மழை விட்டு, வெயில் அடித்து, துணி காயப்போடும் நாளில்கூட பெக்கான் பக்கம் ஆறு ஏறிக்கொண்டிருக்கலாம். "மழை நின்னுடுச்சு, போகலாம்" என்று கிளம்புகிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

பார்க்க வேண்டியது ஆற்றின் மட்டத்தை. வடிகால் நீர்ப்பாசனத் துறை, அதாவது ஜே.பி.எஸ்., தன் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் ஒவ்வொரு நிலையத்தின் நீர்மட்டத்தையும் போடுகிறது. சாதாரணம், விழிப்பு, எச்சரிக்கை, அபாயம் என்று நான்கு படிகள். பகாங் ஆற்றுக்கு சுங்கை யாப், தெமர்லோ, லுபோக் பாக்கு ஆகிய மூன்றையும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். சுங்கை யாப்பில் எச்சரிக்கை என்று வந்து, தெமர்லோ இன்னும் சாதாரணமாக இருந்தால், தெமர்லோவின் முறை அடுத்து வருகிறது என்று அர்த்தம். நீங்கள் நிற்கும் இடத்து எண்ணைவிட உங்களுக்கு மேலே இருக்கும் நிலையத்தின் எண்தான் பயன்படும். அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதையும் கவனியுங்கள். வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியையும் போனில் வைத்துக்கொள்ளுங்கள். தொடர்மழை எச்சரிக்கை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று வரும். ஆரஞ்சு வந்தால் நான் பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்வேன். சிவப்பு வந்தால் பேச்சே இல்லை.

அடுத்தது வேஸ் என்ற வழிகாட்டிச் செயலி சொல்கிற வழியில் கண்ணை மூடிக்கொண்டு போவது. வேஸுக்குத் தெரிந்தது நெரிசல். யாராவது தகவல் கொடுத்தாலொழிய, எந்தச் சாலை தண்ணீருக்குள் போயிருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆள் நடமாட்டம் இல்லாத கம்பத்துச் சாலையில் தகவல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? நெரிசலே இல்லை என்று காட்டும் சாலை, எல்லாரும் திரும்பிப் போய்விட்ட சாலையாகவும் இருக்கலாம். செம்பனைத் தோட்டத்து மண்சாலையில் குறுக்கு வழி காட்டினால் போகவே போகாதீர்கள். இன்னொன்று, ஆறு ஏறும்போது கிளையாறுகளின் தண்ணீர் உள்ளே இறங்க முடியாமல் பின்னால் தேங்கும். அதனால் ஆற்றிலிருந்து தள்ளியிருக்கும் சாலைகளும் மூழ்கும். ஆற்றைக் கண்ணால் பார்க்கவில்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் கரையை ஒட்டியே போவதைவிட, எல்.பி.டி. என்ற கிழக்குக்கரை நெடுஞ்சாலையை முதுகெலும்பாக வைத்துக்கொள்வது நல்லது. தெமர்லோ, செனோர், மாரான், கம்பாங் என்று வரிசையாக வெளியேறும் வழிகள் இருக்கின்றன. ஓரிடத்தில் இறங்கி ஆற்றைப் பார்த்துவிட்டு, மறுபடி ஏறி, அடுத்த இடத்தில் இறங்கலாம். ஆற்றோரச் சாலை முழுவதையும் ஓட்டிய திருப்தி கிடைக்காதுதான். ஆனால் எப்போதும் திரும்பிவர ஒரு வழி கைவசம் இருக்கும். எல்.பி.டி.யும் பெரிய வெள்ளத்தில் சில இடங்களில் மூடப்பட்டிருக்கிறது. 2021 டிசம்பரில் காராக் நெடுஞ்சாலையில் மண் சரிந்து பலர் வழியிலேயே சிக்கிக்கொண்டார்கள். எனவே கிளம்பும் அன்று காலை சாலை நிலவரம் பார்க்காமல் டோலைத் தாண்டாதீர்கள்.

தண்ணீருக்குள் காரை விடுவது பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். 15 சென்டிமீட்டர் தண்ணீர் பல கார்களின் அடிப்பகுதியைத் தொட்டுவிடும். 30 சென்டிமீட்டர் இருந்தால் மைவி, சாகா போன்ற கார்கள் மிதக்க ஆரம்பிக்கலாம். 60 சென்டிமீட்டர் ஓடும் தண்ணீர் ஹைலக்ஸையும் தள்ளிக்கொண்டு போகும். பழுப்புத் தண்ணீரில் ஆழம் தெரியாது. அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா என்பதும் தெரியாது. முன்னால் போன லாரி தாண்டிவிட்டது என்று பின்னாலேயே போவார்கள். லாரியின் காற்று வாங்கும் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, உங்களுடையது எங்கே இருக்கிறது? லாரி கிளப்பும் அலை ஒன்றே சிறிய காரை அணைத்துவிடும். அப்படித் தண்ணீரில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் எஞ்சினே உடைந்துபோகும். தண்ணீர் ஏறுகிறது என்றால் காரை விட்டு இறங்கி மேட்டுக்குப் போங்கள். துணைக்கு ஆள் இருந்தால் இறங்கி ஆழம் பார்க்கலாம், தள்ளலாம், யாரையாவது கூப்பிடலாம். தனியாக இருப்பவருக்கு இது எதுவும் இல்லை. 'ஜாலான் டித்துத்துப்' (சாலை மூடப்பட்டுள்ளது) என்ற பலகையைப் பார்த்ததும் திரும்பிவிடுங்கள். பலகை இல்லாவிட்டாலும், சாலைக் கோடு தண்ணீருக்கடியில் மறைந்திருந்தால் திரும்பிவிடுங்கள்.

நம் ஊரில் மழை பிடித்ததும் நான்கு சிக்னலையும் சிமிட்டவிட்டு ஓட்டுகிற பழக்கம் ஒன்று இருக்கிறது. தயவுசெய்து அதை விடுங்கள். அது நின்றுபோன வண்டிக்கான விளக்கு. அதைப் போட்டுக்கொண்டு ஓடினால், நீங்கள் நிற்கிறீர்களா போகிறீர்களா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது. தடம் மாறும்போது சிக்னலும் தெரியாது. முன்விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடைவெளி விட்டால் போதும். கெந்திங் செம்பாவிலிருந்து பெந்தோங் பக்கம் இறங்கும் வளைவுகளில் இது உயிர்ப் பிரச்சினை. மேம்பாலங்களுக்கு அடியில் மோட்டார் சைக்கிள்காரர்கள் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள், இடது ஓரத்தைக் கவனியுங்கள். டயர் பள்ளம் 1.6 மில்லிமீட்டர் வரை இருக்கலாம் என்பது சட்டத்தின் கணக்கு. மழைப் பயணத்துக்கு 3 மில்லிமீட்டராவது இருக்கட்டும். தண்ணீர் மேல் கார் வழுக்கினால் பிரேக்கை அழுத்தாதீர்கள். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள்.

வழியில் குளிக்க இறங்குவதும் ஒரு தவறு. ஜண்டா பாய்க் ஆறு, பெந்தோங் பக்கத்து சாமாங் நீர்வீழ்ச்சி எல்லாம் மலையடிவாரம். மேலே பெய்த மழை, கீழே ஒரு சொட்டு விழாத நேரத்தில் கெப்பாலா ஆயிராக, அதாவது திடீர் வெள்ளமாக, வந்து அடிக்கும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, இலையும் குச்சியும் மிதந்து வந்தாலோ, பையை எடுக்கக்கூட நிற்காமல் கரையேறுங்கள். பருவமழையில் இந்த இடங்களுக்குப் போகாமலே இருப்பது இன்னும் நல்லது.

நேரத்தைத் தவறாகக் கணக்கிடுவது இன்னொன்று. தெமர்லோவில் பாத்தின் மீன் குழம்பு, ஞாயிற்றுக்கிழமை என்றால் அங்கேயே பெக்கான் செஹாரி என்ற சந்தை. வீட்டில் அம்மா, "மாரான் வரைக்கும் போறே, மரத்தாண்டவரையும் கும்பிட்டுட்டு வந்துடு" என்பார். எல்லாமே ஆசையானதுதான். ஆனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் திணித்தால், பெக்கான் பக்கத்துச் சாலைக்குள் நுழையும்போது இருட்டிவிடும். மேகம் மூடிய டிசம்பரில் ஆறரைக்கே வெளிச்சம் போய்விடும். இருட்டில் ஈரத் தாரும் தேங்கிய தண்ணீரும் ஒரே மாதிரி தெரியும். பிற்பகல் நான்கு மணிக்குள் அன்றைய ஓட்டத்தை முடித்து, மேட்டில் இருக்கும் விடுதியாகப் பார்த்துத் தங்குங்கள். வீட்டில் ஒருவரிடம் வழியை எழுதிக்கொடுத்து, இந்த ஊரிலிருந்து இந்த நேரத்துக்குள் செய்தி வரும், வராவிட்டால் அழை என்று சொல்லிவையுங்கள். ஜெராண்டுட்டிலிருந்து கோலா தாஹான் போகும் பாதையில் போன் கோடு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காப்புறுதி. முழுக் காப்புறுதி எடுத்திருக்கிறேன், வெள்ளமும் அதில் அடங்கும் என்று பலர் நம்புகிறார்கள். மலேசியாவில் வழக்கமான முழு வாகனக் காப்புறுதியில் வெள்ளச் சேதம் சேராது. சிறப்புப் பேரிடர் பாதுகாப்பு என்று தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். கிளம்புவதற்கு முன் உங்கள் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைக் கார் என்றால் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், வாய்வார்த்தை செல்லாது.