கொலஸ்ட்ரால் மாத்திரை: லேப் தாளை மட்டும் நம்பி முடிவெடுப்பது ஏன் தவறு?

சேலத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது ஒரு ரத்தப் பரிசோதனை லேப் இருக்கிறது. ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நம் கண் நேராகப் போவது எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரக் குறிக்குத்தான். குறி இருந்தால் பயம், இல்லாவிட்டால் நிம்மதி. கொலஸ்ட்ரால் மாத்திரை விஷயத்தில் நடக்கும் முதல் தவறு இதுதான்.

இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். அம்மாபேட்டையில் தறி ஓட்டும் 58 வயதுக்காரர் ஒருவர். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு, பீடியையும் விடவில்லை. எல்.டி.எல். எனும் 'கெட்ட' கொலஸ்ட்ரால் 118; தாளில் குறி எதுவும் இல்லை. இன்னொருவர் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் வங்கியில் வேலை பார்க்கும் 34 வயதுப் பெண். வேறு நோய் இல்லை, குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு வந்தவரும் இல்லை. எல்.டி.எல். 142, பக்கத்தில் நட்சத்திரம். தாளைப் பார்த்தால் மாத்திரை அந்தப் பெண்ணுக்கு என்று தோன்றும். மருத்துவர் அநேகமாகத் தறிக்காரருக்குத்தான் எழுதுவார். சர்க்கரை உள்ள 40 வயதைத் தாண்டியவர்களுக்கு, எல்.டி.எல். பெரிதாக ஏறாவிட்டாலும் ஸ்டேடின் எனும் கொலஸ்ட்ரால் மாத்திரையைக் கொடுப்பது இன்று வழக்கம்.

கணக்கு இப்படி. ஸ்டேடின் மாத்திரைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், எல்.டி.எல். 39 அளவுக்குக் குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவது தெரியவந்தது. இந்தப் பங்கு பெரும்பாலானவர்களுக்கு ஒன்றுபோலத்தான். எதிலிருந்து குறைகிறது என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். அடுத்த 10 ஆண்டுகளில் 100 பேரில் 20 பேருக்கு மாரடைப்பு வரக்கூடிய கூட்டத்தில் அது 16 ஆகும். நான்கு பேர் தப்பிக்கிறார்கள். 5 பேருக்குத்தான் வரும் என்ற கூட்டத்தில் தப்பிப்பவர் ஒருவர். அந்த வங்கிப் பெண்ணின் ஆபத்து அதைவிடவும் குறைவு. 'எனக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பு எவ்வளவு, மாத்திரை போட்டால் எவ்வளவு குறையும்?' என்று மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவர்கூட இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்வார்.

இந்தக் கணக்குக்குள் வராத இரண்டு வகையினர் உண்டு. ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்கள், இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்தவர்கள் ஒரு வகை. எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்கள் இன்னொரு வகை. இது பரம்பரையாக வருவதாக இருக்கலாம் என்பதால் உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்வது நல்லது. இவர்களுக்கு மாத்திரை வேண்டுமா என்பது பெரும்பாலும் கேள்வியே இல்லை. மாரடைப்பு வந்த நேரத்தில் இந்த மாத்திரைக்கு என்ன மதிப்பு என்று பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். தமிழக அரசு 2023-ல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் முன் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெலுடன் அடார்வாஸ்டேடின் என்ற ஸ்டேடினையும் கொடுத்துவிடுகிறார்கள். ஏற்காட்டு மலையில் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரவேண்டிய ஊர்க்காரர்களுக்கு அந்த முதல் டோஸ் சின்ன விஷயமில்லை.

அடுத்த தவறு, 'நார்மலுக்கு வந்துடுச்சு, அதான் நிறுத்திட்டேன்' என்பது. நார்மலுக்கு வந்தது மாத்திரையால். கல்லீரல் கொலஸ்ட்ரால் தயாரிப்பதை அது மட்டுப்படுத்துகிறது. நிறுத்தினால் சில வாரங்களில் எண் பழைய இடத்துக்கே போய்விடும். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்துவது உண்மையிலேயே ஆபத்து.

அப்புறம் உடம்பு வலி. ஸ்டேடின் என்றதும் அக்கம்பக்கத்தார் முதலில் சொல்வது 'கை கால் எல்லாம் இழுத்துப் பிடிக்கும்' என்பதுதான். லண்டனில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒத்துக்கொள்ளவில்லை என்று ஸ்டேடினை விட்டுவிட்ட 60 பேருக்கு ஒரு மாதம் ஸ்டேடின், ஒரு மாதம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, ஒரு மாதம் ஒன்றும் இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். ஸ்டேடின் மாதத்தில் வந்த தொந்தரவில் சுமார் 90 சதவீதம் போலி மாத்திரை மாதத்திலும் வந்தது. முடிவைக் காட்டியபின் பாதிப்பேர் மறுபடி ஸ்டேடினுக்கே போனார்கள். அவர்கள் வலி பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. வலி நிஜம், காரணம் பெரும்பாலும் மாத்திரை இல்லை, அவ்வளவுதான்.

ஆனால் நிஜமாகவே தசையைப் பாதிக்கும் சிலரும் இருக்கிறார்கள். இரண்டு தொடையிலும் தோளிலும் வலி, படியேற முடியாத சோர்வு, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போவது: இப்படி இருந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். இந்தத் தீவிரப் பாதிப்பு 10,000 பேரில் ஒருவருக்கு வருவதே அபூர்வம். தைராய்டு குறைவாக இருந்தாலும், சளிக்கு க்ளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கூடச் சேர்ந்தாலும் வாய்ப்பு கூடும். அதனால் காய்ச்சலுக்குப் போகும்போதும் கொலஸ்ட்ரால் மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லிவிடுங்கள். லேசான வலி என்றால் டோஸைக் குறைக்கலாம், வேறு ஸ்டேடினுக்கு மாறலாம். முழு டோஸிலிருந்து பாதிக்கு வந்தாலும் பலனில் பெரும்பகுதி தங்கும். டோஸை இரட்டிப்பாக்கினால் எல்.டி.எல். கூடுதலாகக் குறைவது 6 சதவீதம் அளவுக்குத்தான்.

சர்க்கரை வரும் என்ற பயத்தில் கொஞ்சம் உண்மை உண்டு. ஏற்கெனவே எல்லைக்கோட்டில் இருப்பவர்களுக்கு, அதுவும் அதிக டோஸில், அது சற்று முன்னதாக வரலாம். ஆபத்து அதிகம் உள்ளவருக்கு மாரடைப்பைத் தடுக்கும் பலன் இதைவிடப் பெரிது. ஃபேட்டி லிவர் (கல்லீரலில் கொழுப்பு) இருந்தால் ஸ்டேடின் கூடவே கூடாது என்பதும் சரியில்லை, கல்லீரல் பரிசோதனையில் வரும் எஸ்.ஜி.பி.டி. அளவு இயல்பைவிட மூன்று மடங்குக்கு மேல் போனால்தான் பொதுவாக யோசிக்கிறார்கள்.

'நான் சுத்த சைவம், எனக்கு எப்படி?' என்று கேட்பவர்களும் உண்டு. உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே தயாரிக்கிறது. 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று எண்ணெய் பாக்கெட்டில் போட்டிருப்பது வெறும் விளம்பரம். எந்தத் தாவர எண்ணெயிலும் அது பேருக்குக்கூட இருக்காது. பாமாயிலில் பொரித்த தட்டுவடை செட்டில் கவனிக்க வேண்டியது எல்.டி.எல்-ஐ ஏற்றும் நிறைகொழுப்பை (saturated fat) த்தான். காபிப் பிரியர்களுக்கு ஒன்று: ஏற்காட்டில் விளையும் அராபிகாவில் எல்.டி.எல்-ஐ ஏற்றும் எண்ணெய்ப் பொருள்கள் உண்டு. காகித ஃபில்டர் அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும், நம் வீட்டுப் பித்தளை ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது. காபியை விட வேண்டாம். நாளைக்கு ஐந்தாறு டம்ளர் போகிறது என்றால் குறைத்துப் பாருங்கள்.

கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்களுக்கு இந்த மாத்திரையைப் பொதுவாக நிறுத்துவார்கள், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 75 வயதைத் தாண்டி, இதய நோய் எதுவும் இல்லாமல், புதிதாகத் தொடங்கலாமா என்றால் அதற்கான சான்றுகள் கொஞ்சம் மெலிவுதான். மற்ற மாத்திரைகளின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பேசி முடிவெடுக்கலாம். யார் தொடங்கினாலும் 4 முதல் 12 வாரத்துக்குள் ஒருமுறை ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். முடிந்தால் பழைய லேபிலேயே.