மழைக்கால மின்தடையில் இகுவானாவைக் காத்தல்

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கியபோது, ரப்பர் மரங்களும் தென்னைகளும் மின்கம்பிகளின்மீது சாய்ந்து, பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய மழைநாள்களில் வீட்டில் பச்சை இகுவானா என்னும் இலை தின்னும் பெரிய பல்லியை வளர்ப்பவர் என்ன செய்ய வேண்டும் என்பதே இங்குப் பேசும் பொருள். குமரி மாவட்டச் சமவெளிப் பகுதிகளில் மார்கழி இரவிலும் வெப்பம் 20 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்குவது அரிது என்பதால், இரவுக் குளிரைவிடப் பகலில் வெயில் காய்வதற்கு வேண்டிய 35 பாகைச் சூடு கிடைக்காமல் போவதே நமக்குப் பெரிய சிக்கல். ஊர்வன தம் உடலுக்கு வேண்டிய சூட்டை வெளியிலிருந்தே பெறுகின்றன. அது கிடைக்காதபோது, தின்ற இலை குடலில் செரிக்காமல் தங்கிக் கெட்டுவிடும்.

ஆகவே மின்தடை நீளும் என்று தெரிந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை உணவை நிறுத்துவதுதான். நலமாக உள்ள வளர்ந்த இகுவானா இரண்டு மூன்று நாள் தின்னாமல் இருப்பதால் தீங்கில்லை. பசிக்குமே என்று இரக்கப்பட்டுச் செம்பருத்தி இலையை நீட்ட வேண்டாம். குடிக்கத் தண்ணீர் இருக்கட்டும், ஆனால் மேலே நீர் தெளிப்பதை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் ஈரமும் குளிரும் சேர்ந்தால் மூச்சுக்குழல் நோய் எளிதில் பற்றும்.

அடுத்தது பெட்டி. குளச்சல், சின்னமுட்டம் போன்ற கடலோர ஊர்களில் மீன் வைக்கப் பயன்படும் தெர்மோகோல் பெட்டி இளம் இகுவானாவுக்கு மிகப் பொருத்தமானது. அதை மீன்வாடை போகும்வரை கழுவி உலர்த்தி, மேற்பகுதியில் இரு பக்கமும் பென்சில் நுழையும் அளவுக்குச் சில துளைகள் இட வேண்டும். மின்சாரம் இல்லாவிட்டாலும் கேஸ் அடுப்பு எரியும் என்பதால் வெந்நீருக்குக் குறைவில்லை. கை பொறுக்கும் சூட்டில், ஏறக்குறைய 45 பாகையில், வெந்நீரைப் பாட்டிலில் நிரப்பி, துவர்த்தில் (துண்டில்) இரண்டு சுற்றுச் சுற்றிப் பெட்டியின் ஒரு முனையில் மட்டும் வைக்க வேண்டும். சூடு மிகுந்தால் மறுமுனைக்கு நகர அதற்கு இடம் வேண்டும். வயிற்றின் அடியில் சுடுவதை ஊர்வன சரிவர உணராமல் அப்படியே படுத்துக் கிடந்து புண்ணாகிவிடும் என்பதால், துணி சுற்றாத பாட்டிலை ஒருபோதும் வைக்கக் கூடாது. உள்ளே வெப்பமானி காட்டும் அளவு 26 முதல் 30 பாகைக்குள் நிற்குமாறு, தண்ணீர் ஆறும்போதெல்லாம் மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். பெட்டிக்குள் அடங்காத பெரிய இகுவானாவின் கூட்டைக் கம்பளியால் மூன்று பக்கமும் மூடலாம். ஆனால் கம்பளி தானாகச் சூடு தராது, உள்ளே வைத்த வெந்நீரின் சூட்டைத்தான் காத்து நிற்கும்.

சிரட்டைக்கரி அடுப்பை மூட்டி அறைக்குள் வைப்பதை மட்டும் அருள்கூர்ந்து செய்யாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் அந்த உயிரையும் வீட்டாரையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் கணக்குப் பார்த்துச் செலவிட வேண்டும். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் உள்ளது 1800 வாட்-மணி; இழப்பும் போக, 100 வாட் சூட்டு பல்பு ஓர் இரவு எரிந்தாலே பேட்டரி பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஆகையால் இரவை வெந்நீரிடம் விட்டுவிட்டு, நண்பகலில் நான்கு மணி நேரம் பல்பைப் போட்டுக் காய விடுவதே என் பரிந்துரை. மின்தடைக்குச் சற்று முன்னர்தான் தின்றது என்றால் இது கட்டாயம் தேவை. கூட்டில் வழக்கமாகப் போடும் புறஊதா விளக்கு சில நாள் எரியாவிட்டாலும் கவலையில்லை.

குளிரில் நிறம் கறுத்து மந்தமாக இருப்பது இயல்பு. மூக்கருகே வெள்ளையாகக் காய்ந்திருப்பதும் அது தும்மி வெளியேற்றும் உப்புதான். வாயைத் திறந்தபடி மூச்சுவிட்டாலோ, மூக்கில் நீர்க்குமிழி தெரிந்தாலோ மட்டும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

மின்சாரம் வந்த அன்றே தட்டு நிறைய வைக்காமல், ஒரு முழுப்பகல் நன்றாகக் காய்ந்து, தானாக நடமாடத் தொடங்கிய பிறகு, நறுக்கிய இலையைச் சிறிதளவு வைத்துத் தொடங்குங்கள்.