கல்யாணப் பத்திரிகை, பட்டுத் துண்டு, கோல அச்சு: மும்பை ஈரத்தில் ஒரு மிக்ஸ்டு மீடியா பக்கம்

காகிதம், துணி, பெயின்ட், போட்டோ நான்கையும் ஆல்பத்தின் ஒரே பக்கத்தில் சேர்க்கும்போது காரியத்தைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். பசையிலும் பெயின்ட்டிலும் தண்ணீர் இருக்கிறது. ஜூலை மாத மும்பையில் காற்றிலும் இருக்கிறது. எனவே ஈர வேலை முதலில், உலர்ந்த வேலை கடைசியில். இந்த வரிசையை மாற்றினால் பக்கம் அப்பளமாக வளையும்.

அடித்தாளுக்குச் சார்ட் பேப்பர் தாங்காது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனமுள்ள வாட்டர்கலர் பேப்பர் வேண்டும். கிராஃபோர்டு மார்க்கெட் பக்கம் அப்துல் ரஹ்மான் தெருவில் பெரிய தாளாக வாங்கி 8 அங்குலச் சதுரங்களாக வெட்டிக்கொள்வது சிக்கனம். அதன்மேல் கெஸோ, அதாவது பெயின்ட்டுக்கு முன் போடும் வெள்ளை அடிப்பூச்சு, மெல்லிசாக ஒரு கை. கெஸோ பூசினால் தாள் ஈரத்தை அவ்வளவாக உறிஞ்சாது, பெயின்ட்டுக்கும் பிடிமானம் கிடைக்கும். முன்பக்கம் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்ததும் பின்பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால், காயும் பூச்சு தாளைத் தன் பக்கம் இழுக்கும். மார்ச்சில் அரை மணியில் காய்வது மழைக்காலத்தில் இரண்டு மூன்று மணி நேரம் எடுக்கும். முழுதாகக் காய்ந்தபின் பட்டர் பேப்பர் நடுவில் வைத்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஒரு ராத்திரி விடுங்கள்.

அடுத்தது கோலம். மாட்டுங்காவில் பூஜைச் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும், துளை போட்ட கோல அச்சே நல்ல ஸ்டென்சில். கோலத்தை மேடாக எழுப்பும் டெக்ஸ்சர் பேஸ்ட்டுக்குத் தனியாகச் செலவழிக்க வேண்டாம்: டால்கம் பவுடர் 2 ஸ்பூன், ஃபெவிகால் 1 ஸ்பூன், வெள்ளை அக்ரிலிக் பெயின்ட் 1 ஸ்பூன். தோசை மாவை விடக் கெட்டியாக, இட்லி மாவு கரண்டியில் நிற்பதுபோல் இருக்க வேண்டும். நீர்த்திருந்தால் அச்சுக்கு அடியில் ஓடி, புள்ளிகள் ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அச்சைத் தாளில் டேப் போட்டு இறுக்கி, காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒரே இழுப்பில் தேயுங்கள். திரும்பத் தேய்த்தால் பேஸ்ட் கீழே கசியும். அச்சை நேராக மேலே தூக்கி, உடனே கழுவிவிடுங்கள்; காய்ந்தால் துளை அடைந்துபோகும். உயரம் 2 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் வெடிக்கும். ஹேர் டிரையர் ஆசை வேண்டாம்: மேல்தோல் முதலில் காய்ந்து, உள்ளே அடைபட்ட ஈரம் கொப்புளமாகக் கிளம்பும். ஃபேன் போதும், 24 மணி நேரம்.

பழைய குடும்பப் படத்தைப் பக்கத்திலேயே பதிக்க, அதை லேசர் பிரிண்ட்டாகவோ ஜெராக்ஸாகவோ எடுங்கள். இங்க்ஜெட் உதவாது, அதன் மை தண்ணீரில் கரையும். படத்தில் எழுத்து இருந்தால் இடம்வலம் மாற்றி எடுக்கச் சொல்லுங்கள். கோலம் இல்லாத சமதளத்தில் ஜெல் மீடியம் (நிறம் சேர்க்காத கெட்டியான அக்ரிலிக்) பூசி, படத்தைக் கவிழ்த்து, கார்டால் நடுவிலிருந்து வெளியே தள்ளிக் காற்றை எடுங்கள். 12 மணி நேரம் கழித்து ஈரத்துணியால் நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால், எண்ணெய்க் குளியலில் அழுக்குத் திரள்வதுபோல் தாள் உருண்டு உருண்டு வரும். நகம் படக்கூடாது; படத்தின் டோனர் (லேசர் பிரிண்ட்டின் மைத்தூள்) மெல்லிய படலம்தான், பிய்ந்துவிடும். காய்ந்ததும் வெண்மை பூக்கும். பயப்பட வேண்டாம், அது மிச்சமிருக்கும் நார். இரண்டு மூன்று முறை இதையே செய்து, கடைசியில் மேட் மீடியம் (பளபளப்பில்லாத நிறமற்ற அக்ரிலிக்) ஒரு கை பூசினால் மங்கல் அடங்கும்.

இனி ஒட்டும் பொருட்கள். வழவழப்பான லாமினேஷன் போட்ட கல்யாணப் பத்திரிகைக்குப் பசை கூடாது. ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்பிக்கொள்ளும். அதற்கு டபுள் சைடு டேப். மூலையில் தடவிய மஞ்சளைத் தொடாதீர்கள், தூரிகை பட்டால் பக்கம் முழுக்க இழுபடும். வெயில் பட்டால் வெளுக்கவும் செய்யும். கடை பில், ஏடிஎம் சீட்டு எல்லாம் சூட்டால் எழுத்து பதியும் தெர்மல் பேப்பர், சில வருஷத்தில் எழுத்தே இருக்காது. ஜெராக்ஸை ஒட்டுங்கள்.

பட்டுக் கரையை வெட்டும் முன், வெட்டப்போகும் கோட்டில் ஃபெவிகால் தடவிக் காயவிட்டால் நூல் பிரியாது. துணியில் பசை தடவினால் கறை தெரியும், தாளில் தடவி மேலே துணியை வையுங்கள். கனமான ஜரிகை பசைக்கு நிற்காது. 5 மில்லிமீட்டர் இடைவெளியில் ஊசியால் முன்கூட்டியே துளையிட்டுத் தைத்துவிடுவதே மேல்.

மல்லிகை பழுத்துக் கறுத்துப்போகும். பூ வேண்டுமென்றால் கனகாம்பர இதழைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து இரண்டு வாரம் அழுத்துங்கள். மழைக்காலத்தில் தாளைத் தினம் மாற்றாவிட்டால் பூஞ்சை பிடிக்கும்.

ஆயில் பேஸ்டல் எப்போதும் கடைசி: அதன்மேல் அக்ரிலிக் ஒட்டாது, உரிந்து வரும்.

அக்ரிலிக் பூசிய இரு பக்கங்கள் எதிரெதிரே அழுந்தினால், இந்த ஊர்ப் புழுக்கத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் பட்டர் பேப்பர் கட்டாயம். தைத்த ஆல்பம் இவ்வளவு தடிமனைத் தாங்காமல் வாய் பிளக்கும்; ரிங் போட்டதை வாங்கி, வெளிச் சுவரோடு ஒட்டிய அலமாரியைத் தவிர்த்து, உள்ளறையில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.